நாவலூரில் 399 ரூபாய்க்கே ஃபைபர் இருக்கு... அப்போ சாட்டிலைட் இன்டர்நெட் யாருக்கு? முழு விளக்கம்

ஓஎம்ஆர் சாலையில் நாவலூர் பக்கம் புதிதாகக் குடிவருபவர்களுக்கு வீட்டு இணையம் ஒரு பிரச்னையே இல்லை. பெரும்பாலான அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இரண்டு, மூன்று நிறுவனங்களின் ஃபைபர் ஏற்கெனவே வந்து நிற்கிறது. இது போதாதென்று ஏர்ஃபைபர், 5ஜி வேறு.

ஆனாலும் ஸ்டார்லிங்க் பெயரைக் கேட்டால் பலருக்கும் ஒரு ஆசை. "மொட்டை மாடியில ஒரு டிஷ் வச்சா போதுமாமே, கேபிளே வேண்டாமாமே, நாமளும் மாறிடலாமா?" என்பதுதான் கேள்வி.

சுருக்கமான பதில்: நாவலூர் வீட்டுக்கு இப்போதைக்கு இது தேவையில்லை. ஆனால் அதே சாலையில் இருக்கும் ஐடி அலுவலகங்களுக்கும், வெள்ள நேரத்தில் வேலை பார்க்கும் மீட்புக் குழுவுக்கும், நடுக்கடலில் இருக்கும் விசைப்படகுக்கும், மலைக் கிராமத்துப் பள்ளிக்கும் கணக்கு வேறு. சாட்டிலைட் பிராட்பேண்டின் உண்மையான சந்தை அங்கேதான் இருக்கிறது. அந்தச் சந்தை வளருமா, வளராதா என்பது தொழில்நுட்பத்தைவிட, விலையையும் அரசு விதிகளையும்தான் நம்பி இருக்கிறது.

எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சாட்டிலைட் இன்டர்நெட் எப்படி வேலை செய்கிறது?

செயற்கைக்கோள் வழி இணையம் இந்தியாவுக்குப் புதிது கிடையாது. வங்கி ஏடிஎம்களிலும் பெட்ரோல் பங்க்குகளிலும் மொட்டை மாடியில் தெரியும் வெள்ளை டிஷ்களில் பல, விசாட் எனப்படும் செயற்கைக்கோள் இணைப்புகள்தான். அவை 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் பெரிய செயற்கைக்கோள்களோடு பேசுகின்றன. தூரம் அதிகம் என்பதால், ஒரு தகவல் போய்த் திரும்பி வர அரை நொடிக்கு மேல் ஆகிவிடும். ஏடிஎம்முக்கு அது பரவாயில்லை. வீடியோ காலில் பேசினால் எரிச்சல் வரும்.

புதிய தலைமுறை செயற்கைக்கோள்கள் பூமிக்குப் பக்கத்திலேயே சுற்றுகின்றன. ஸ்டார்லிங்க் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. யூட்டல்சாட் ஒன்வெப் 1,200 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. தூரம் குறைந்ததால் தாமதமும் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிட்டது. வீடியோ கால், ஆன்லைன் வகுப்பு எல்லாமே சாத்தியம்.

ஆனால் பக்கத்தில் இருக்கும் செயற்கைக்கோள் ஒரே இடத்தில் நிற்காது. சில நிமிடங்களில் உங்கள் வானத்தைக் கடந்து போய்விடும். அதனால் ஒன்று போனதும் அடுத்தது வர வேண்டும். ஸ்டார்லிங்க் 9 ஆயிரத்துக்கும் மேற்பட்ட செயற்கைக்கோள்களையும், ஒன்வெப் 600-க்கும் மேற்பட்டவற்றையும் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. சாட்டிலைட் இன்டர்நெட்டுக்கும் தரையில் ஃபைபர் வேண்டும். உங்கள் டிஷ்ஷில் இருந்து மேலே போகும் தகவல், கேட்வே எனப்படும் தரை நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து வழக்கமான ஃபைபர் வழியாகத்தான் இணையத்துக்குள் போகிறது. ஒன்வெப் இந்தியாவில் அமைத்துள்ள கேட்வேக்களில் ஒன்று குஜராத்தின் மெஹ்சானாவில் இருக்கிறது. இன்னொன்று தமிழ்நாட்டில் இருக்கிறது.

இந்தியாவில் யார் யார் களத்தில்?

சேவை தொடங்க மத்திய தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் வேண்டும். பார்தி குழுமம் முதலீடு செய்துள்ள ஒன்வெப் 2021-லேயே இதை வாங்கிவிட்டது. அதன் 72 செயற்கைக்கோள்களை 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு தவணையாக ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து விண்ணுக்கு அனுப்பியது இஸ்ரோவின் எல்விஎம்-3 ராக்கெட்தான்.

லக்சம்பர்க்கின் எஸ்இஎஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ஜியோ 2022-ல் உரிமம் பெற்றது. ஸ்டார்லிங்க்குக்கு 2025 ஜூனில்தான் உரிமம் கிடைத்தது. அடுத்த மாதமே, விண்வெளித் துறை ஒழுங்குமுறை அமைப்பான இன்-ஸ்பேஸ், ஐந்து ஆண்டுகளுக்கு அனுமதி கொடுத்தது. அமேசானும் விண்ணப்பித்திருக்கிறது.

இதில் ஒரு சுவாரசியம். ஸ்டார்லிங்க் உள்ளே வருவதற்கு முன் அதோடு மல்லுக்கு நின்றவர்கள், 2025 மார்ச்சில் கைகோத்துவிட்டார்கள். முதலில் ஏர்டெல், மறுநாளே ஜியோ. இருவருமே தங்கள் கடைகள் மூலம் ஸ்டார்லிங்க்கை விற்க ஒப்பந்தம் போட்டார்கள். போட்டியாளரை வீட்டுக்குள் விடுவது ஏன்? தங்கள் ஃபைபரும் டவரும் எட்டாத இடத்துக்குத்தான் இது போகும், தங்கள் நகர வாடிக்கையாளரைப் பறிக்காது என்ற கணக்கு அதில் இருக்கிறது.

விலை எவ்வளவு இருக்கும்?

2025 டிசம்பர் நிலவரப்படி, இந்தியாவுக்கான ஸ்டார்லிங்க் விலை அதிகாரபூர்வமாக அறிவிக்கப்படவில்லை. அந்த மாதத் தொடக்கத்தில் அதன் இணையதளத்தில் மாதம் 8,600 ரூபாய், கருவிக்கு 34,000 ரூபாய் என்று ஒரு விலை தெரிந்து பரபரப்பானது. ஆனால் அது சோதனைக்காகப் போட்ட தகவல், தொழில்நுட்பக் கோளாறால் வெளியே தெரிந்துவிட்டது என்று நிறுவனம் விளக்கம் கொடுத்தது.

அப்போ எதை வைத்துக் கணக்குப் போடுவது? பக்கத்து நாடுகளைப் பார்க்கலாம்.

பூடானில் குறைந்தபட்சத் திட்டம் மாதம் 3,000 நகல்ட்ரம். வழக்கமான திட்டம் 4,200. பூடான் பணமும் இந்திய ரூபாயும் சம மதிப்பு என்பதால், இதை அப்படியே ரூபாயாகப் படிக்கலாம். 2025 மே மாதம் வங்கதேசத்தில் சேவை தொடங்கியபோது மாதக் கட்டணம் 4,200 டாக்காவில் ஆரம்பித்தது. கருவிக்கு 47,000 டாக்கா. நம் பணத்தில் கருவி மட்டும் சுமார் 34 ஆயிரம் ரூபாய். மத்திய இணை அமைச்சர் பெம்மசானி சந்திரசேகரும் 2025 ஜூலையில், இந்தியாவில் மாதக் கட்டணம் 3,000 ரூபாய் அளவில் இருக்கலாம் என்றுதான் சொன்னார்.

நாவலூர் வீட்டுக் கணக்கு

இனி நாவலூருக்கு வருவோம். ஜியோ ஃபைபரின் 30 எம்பிபிஎஸ் திட்டம் 399 ரூபாயில் ஆரம்பிக்கிறது. 100 எம்பிபிஎஸ் வேண்டுமென்றால் 699. ஏர்டெல்லில் 40 எம்பிபிஎஸ் 499 ரூபாய். இதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி.

699 ரூபாய் திட்டத்தை எடுத்தால், வரியோடு சேர்த்து ஒரு வருடத்துக்குச் சுமார் 9,900 ரூபாய். சாட்டிலைட் இணைப்பு மாதம் 3,000 ரூபாய்க்கே கிடைத்தாலும் வருடத்துக்கு 36,000. கருவிக்கு 34,000 சேர்த்தால், முதல் வருடச் செலவு 70 ஆயிரம் ரூபாய். அதாவது ஏழு மடங்கு.

பணம் மட்டும் பிரச்னை இல்லை. டிஷ்ஷுக்குத் திறந்த வானம் வேண்டும். பால்கனியில் வைத்தால் மேல் தளமும் பக்கத்து டவரும் மறைத்துவிடும். மொட்டை மாடி என்றால் குடியிருப்போர் சங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும். எட்டாவது மாடியில் இருந்து மொட்டை மாடிக்கு ஒயர் இழுக்க வேண்டும். கனமழை கொட்டும்போது சிக்னல் பலவீனமாகும் என்பதையும் மறக்கக் கூடாது. டிடிஎச் வைத்திருப்பவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல.

கூட்டம் சேர்ந்தால் வேகம் குறையும்... ஏன்?

ஃபைபருக்கும் சாட்டிலைட்டுக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் இதுதான். 300 வீடுகள் இருக்கும் குடியிருப்பு, ஃபைபர் நிறுவனத்துக்கு லாட்டரி மாதிரி. ஒரு முறை கேபிள் இழுத்தால் 300 வாடிக்கையாளர். நெருக்கம் கூடக் கூட ஒரு வீட்டுக்கு ஆகும் செலவு குறையும்.

சாட்டிலைட்டில் இது அப்படியே தலைகீழ். வானத்தில் இருந்து ஒரு பகுதிக்கு வரும் திறன் இவ்வளவுதான் என்ற அளவு இருக்கிறது. அந்தப் பகுதியில் இருக்கும் எல்லோரும் அதைப் பங்குபோட வேண்டும். நெருக்கம் கூடினால் ஆளுக்குக் கிடைப்பது குறையும்.

ஒரு சின்னக் கணக்கு. இந்தியா முழுமைக்கும் ஸ்டார்லிங்க் 600 ஜிபிபிஎஸ் திறனுக்கு விண்ணப்பித்ததாகச் செய்திகள் வந்தன. இந்தியாவில் அதிகபட்சம் 20 லட்சம் வாடிக்கையாளர்களைத்தான் அது வைத்திருக்க முடியும், வேகம் 200 எம்பிபிஎஸ் வரை இருக்கும் என்று இணை அமைச்சர் கூறியிருக்கிறார். 600 ஜிபிபிஎஸ்ஸை 200 எம்பிபிஎஸ் வீதம் பிரித்தால், ஒரே நேரத்தில் முழு வேகம் கிடைப்பது நாடு முழுக்க 3,000 பேருக்குத்தான். எல்லோரும் ஒரே நொடியில் முழு வேகத்தைக் கேட்க மாட்டார்கள் என்பது உண்மை. அப்படிப் பார்த்தாலும், மாலை 8 மணிக்கு ஊரே கிரிக்கெட் பார்க்கும் ஓஎம்ஆர் போன்ற இடத்துக்கு இது பொருந்தாது.

இது வெறும் ஊகம் இல்லை. கென்யாவின் நைரோபி, நைஜீரியாவின் லாகோஸ் நகரங்களில் 2024 நவம்பரிலேயே 'இடம் நிரம்பிவிட்டது' என்று சொல்லி, புதிய வாடிக்கையாளர் சேர்ப்பை ஸ்டார்லிங்க் நிறுத்திவைத்தது. மக்கள் நெருக்கமான நகரம்தான் இதற்குப் பலவீனமான இடம்.

2025 மார்ச் கணக்குப்படி இந்தியாவில் இருந்த பிராட்பேண்ட் இணைப்புகள் சுமார் 94 கோடி. அதில் 20 லட்சம் என்பது ஆயிரத்தில் இரண்டு பங்கு. சாட்டிலைட் வந்து ஜியோவையும் ஏர்டெல்லையும் காலி செய்துவிடும் என்ற பேச்சுக்கு இந்த ஒரு கணக்கே பதில்.

வெள்ளம் வந்தால் கைகொடுக்குமா?

தென்சென்னைக்காரர்களுக்கு டிசம்பர் என்றாலே ஒரு பயம் உண்டு. 2015 பெருவெள்ளம், 2016 வர்தா புயல், 2023 மிக்ஜாம். மிக்ஜாமின்போது தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் முதல் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் வரை வெள்ளம் சூழ்ந்தது. கரண்ட் போனது. டவர்களுக்கு பேட்டரி தீர்ந்ததும் போன் சிக்னலும் போனது. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்றே வெளியூரில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் சாட்டிலைட் இணைப்புக்கு ஒரு பெரிய பலம் உண்டு. அது அந்த ஊரின் டவரையோ, சாலையில் புதைத்த கேபிளையோ நம்பி இல்லை. கேட்வே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, மழை இல்லாத ஊரில் இருந்தால் போதும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டது. சாட்டிலைட் சேவை அங்கே அந்த ஆண்டு ஜூலையிலேயே தொடங்கியிருந்ததால், பாதிக்கப்பட்டவர்களுக்கு டிசம்பர் முடியும் வரை அதை இலவசமாகத் தருவதாக ஸ்டார்லிங்க் அறிவிக்க முடிந்தது.

ஆனால் டிஷ்ஷுக்கும் கரண்ட் வேண்டும். வழக்கமான ஸ்டார்லிங்க் டிஷ் 75 முதல் 100 வாட் வரை இழுக்கும். சிறிய மினி டிஷ்ஷுக்கு 25 முதல் 40 வாட் போதும். இன்வெர்ட்டர் தரைத்தளத்தில் இருந்து தண்ணீரில் மூழ்கினால், மொட்டை மாடி டிஷ்ஷால் பயன் இல்லை.

அதனால் ஒவ்வொரு வீடும் ஒரு டிஷ் வாங்குவதில் அர்த்தமில்லை. ஒரு தெருவுக்கோ, ஒரு நிவாரண முகாமுக்கோ, ஒரு மருத்துவமனைக்கோ பேட்டரியோடு ஒரு டிஷ் இருந்தால், நூறு பேர் "நாங்க நல்லா இருக்கோம்" என்று ஒரு மெசேஜ் அனுப்ப முடியும். இந்த வாடிக்கையாளர் தனி வீடு இல்லை. மாவட்ட நிர்வாகம், உள்ளாட்சி, மின்வாரியம், தீயணைப்புத் துறை போன்ற அமைப்புகள்தான்.

ஐடி அலுவலகங்களுக்கு என்ன லாபம்?

நாவலூரைச் சுற்றி உண்மையில் காசு கொடுத்து வாங்கக்கூடியவர்கள் இவர்கள்தான். ஒரு ஐடி நிறுவனம் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களிடம் ஃபைபர் வாங்கி வைத்திருக்கும். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும் என்று நிம்மதியாக இருக்கும். ஆனால் இரண்டு கேபிளும் ஒரே பள்ளத்தில் புதைந்திருந்தால்? மெட்ரோ பணியோ, மழைநீர் வடிகால் பணியோ, ஒரு ஜேசிபி இரண்டையும் சேர்த்து அறுத்துவிடும்.

அப்படிப்பட்ட நேரத்தில் பள்ளத்தில் போகாத மூன்றாவது பாதைக்கு மதிப்பு உண்டு. ஆயிரம் பேரும் அதில் வேலை செய்ய முடியாது. ஆனால் முக்கியமான சர்வரும், வாடிக்கையாளரோடு பேசும் குழுவும் ஓடிக்கொண்டிருக்கும். மாதம் சில ஆயிரம் ரூபாய் என்பது ஒரு நிறுவனத்துக்குப் பெரிய தொகை அல்ல.

கடலும் மலையும்: உண்மையான சந்தை

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். வாரக்கணக்கில் கடலில் தங்கி மீன்பிடிப்பவர்கள் அவர்கள். எச்சரிக்கை அவர்களைப் போய்ச் சேரவில்லை. பலர் திரும்பவே இல்லை.

அதன் பிறகு இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழியாகப் பேசும் டிரான்ஸ்பாண்டர் கருவிகள் படகுகளுக்கு வந்தன. நாடு முழுக்க 1 லட்சம் படகுகளில் 364 கோடி ரூபாய் செலவில் இவற்றை இலவசமாகப் பொருத்தும் திட்டத்தைப் பிரதமர் மோடி 2024 ஆகஸ்ட்டில் தொடங்கிவைத்தார். புயல் எச்சரிக்கை, எல்லைக் கோட்டை நெருங்கும் எச்சரிக்கை, ஆபத்தில் உதவி கேட்பது எல்லாம் இதில் முடியும். ஆனால் இது குறுஞ்செய்திக்கு மட்டும்தான். வீட்டோடு பேச முடியாது. டாக்டரிடம் காயத்தைக் காட்ட முடியாது. பிடித்த மீனுக்கு எந்தத் துறைமுகத்தில் என்ன விலை என்று விசாரிக்க முடியாது. அந்த இடைவெளியை நிரப்பக்கூடியது பிராட்பேண்ட்தான். பத்துப் பேர் போகும் விசைப்படகுக்கு மாதம் 3,000 ரூபாய் என்றால் ஆளுக்கு 300 ரூபாய்தான். கருவிக்கான முதல் செலவில்தான் உதவி தேவை.

மலையிலும் இதே கதைதான். கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காக மலைக் கிராம மாணவர்கள் சிக்னல் தேடி மேடு ஏறியதை யாரும் மறந்திருக்க முடியாது. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோக 1,815 கோடி ரூபாயில் டான்ஃபினெட் மூலம் பாரத்நெட் திட்டம் நடக்கிறது. ஆனால் ஊராட்சி அலுவலகம் வரை ஃபைபர் வந்தாலும், அங்கிருந்து காட்டுக்குள் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் 30 வீட்டுக் குடியிருப்புக்குக் கேபிள் இழுப்பது எந்த நிறுவனத்துக்கும் கட்டாது. அந்த ஊரின் பள்ளிக்கோ, துணை சுகாதார நிலையத்துக்கோ ஒரு டிஷ் வைத்து, அதில் இருந்து வைஃபை கொடுப்பதுதான் மலிவு.

அரசு விதி என்ன சொல்கிறது?

சாட்டிலைட் அலைக்கற்றையை ஏலம் விட வேண்டும் என்று ஜியோ வலியுறுத்தியது. ஏலம் இல்லாமல் அரசே ஒதுக்க வேண்டும் என்பது ஸ்டார்லிங்க்கின் நிலை. 2023 தொலைத்தொடர்புச் சட்டம் அரசே ஒதுக்கலாம் என்று சொல்லிவிட்டது.

கட்டணம் எவ்வளவு? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 மே மாதம் பரிந்துரை கொடுத்தது. வருவாயில் 4 சதவீதம், அதோடு நகர்ப்புற வாடிக்கையாளர் ஒருவருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய். கிராமப்புறத்துக்கு இந்த 500 ரூபாய் கிடையாது. நிறுவனங்கள் நகரத்திலேயே முடங்கிவிடாமல் கிராமத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் நோக்கம். கருவி விலை அதிகம் என்பதால், இணையம் எட்டாத பகுதி மக்களுக்கு அரசு மானியம் தரலாம் என்றும் டிராய் சொல்லியிருக்கிறது.

இங்கேதான் நாவலூர் ஒரு நல்ல உதாரணம். ஐடி பூங்கா, மல்டிபிளெக்ஸ், 20 மாடிக் குடியிருப்பு எல்லாம் இருந்தாலும், இது சென்னை மாநகராட்சி எல்லைக்கு வெளியே, செங்கல்பட்டு மாவட்டம் திருப்போரூர் ஒன்றியத்தில் உள்ள ஊராட்சி. நகரம், கிராமம் என்பதை வெறும் நிர்வாகப் பெயரை வைத்து முடிவு செய்தால், மூன்று ஃபைபர் இருக்கும் நாவலூர் 'கிராமம்' ஆகிவிடும். சலுகை இங்கே வந்து, சிக்னலே இல்லாத மலைக்குப் போகாமல் நின்றுவிடும். பெயரை விட்டுவிட்டு, உண்மையில் இணையம் இருக்கிறதா, இல்லையா என்பதை வைத்து உதவி கொடுத்தால்தான் நோக்கம் நிறைவேறும்.

பாதுகாப்பு நிபந்தனைகளும் கடுமையாக இருக்கின்றன. இந்தியப் பயனாளரின் தகவல் இந்தியாவில் உள்ள கேட்வே வழியாகத்தான் போக வேண்டும். எல்லைப் பகுதியில் 50 கிலோமீட்டருக்குச் சிறப்புக் கண்காணிப்பு உண்டு. மணிப்பூரில் ஸ்டார்லிங்க் கருவி பிடிபட்டதும், அந்தமானில் சிக்கிய போதைப்பொருள் கடத்தல் படகில் அது இருந்ததும் 2024 இறுதியில் பெரிய செய்தியாயின. தரைக் கட்டமைப்பில் 20 சதவீதம் ஐந்து ஆண்டுகளில் உள்நாட்டுத் தயாரிப்பாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என மின்னணுத் தொழிற்சாலைகள் நிறைந்த தமிழ்நாட்டுக்கு இது ஒரு வேலைவாய்ப்பு வாசல்.

முன்பதிவு என்று யாராவது கேட்டால்?

2021-ல் உரிமம் வாங்காமலேயே ஸ்டார்லிங்க் இந்தியாவில் 99 டாலருக்கு முன்பதிவு எடுத்தது. 'யாரும் பணம் கட்டாதீர்கள்' என்று மத்திய அரசு அந்த நவம்பரில் எச்சரித்தது. பிறகு பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று.

அதனால் வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பி "அட்வான்ஸ் கட்டுங்க, டிஷ் வீட்டுக்கே வரும்" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் மூலம் கருவியை வாங்கி வருவதும் ஆபத்து. அனுமதியில்லாத செயற்கைக்கோள் கருவியை இந்தியாவில் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். விலையும் சேவையும் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்ட பிறகு, நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலோ, அங்கீகரிக்கப்பட்ட கடையிலோ மட்டும் வாங்குங்கள்.

அப்போ என்ன செய்யலாம்?

* நாவலூர், கேளம்பாக்கம், தாம்பரம் பகுதியில் ஃபைபர் வைத்திருப்பவர்கள்: மாறத் தேவையில்லை. பேக்கப் வேண்டுமென்றால், வேறு நிறுவனத்தின் 5ஜி அல்லது ஏர்ஃபைபர் இணைப்பே மலிவு.
* ஐடி நிறுவனம், மருத்துவமனை, டேட்டா சென்டர் நடத்துபவர்கள்: மூன்றாவது பாதையாகத் திட்டமிடலாம்.
* ஊருக்கு வெளியே பண்ணை வீடு, ரிசார்ட், எஸ்டேட் வைத்திருப்பவர்கள்: முதலில் அந்த இடத்தில் 4ஜி, 5ஜி சிக்னலைப் பாருங்கள். இல்லையென்றால் காத்திருந்து விலை வந்ததும் முடிவெடுக்கலாம்.
* விசைப்படகு உரிமையாளர்கள்: கருவிக்கு மானியம் வருகிறதா என்று மீன்வளத் துறை அறிவிப்புகளைக் கவனியுங்கள். டிரான்ஸ்பாண்டரைக் கழற்றிவிட வேண்டாம். பிராட்பேண்ட் வந்தாலும் ஆபத்தில் அதுதான் முதல் துணை.

சாட்டிலைட் இன்டர்நெட் இந்தியாவில் எத்தனை கோடிப் பேர் வாங்கினார்கள் என்பதை வைத்து வெற்றி, தோல்வி சொல்ல முடியாது. அடுத்த புயல் வரும்போது, ஆழ்கடலில் இருக்கும் ஒரு படகில் இருந்து கரைக்கு ஒரு வீடியோ கால் போகுமா? மலையில் இருக்கும் நர்ஸ் மாவட்டத் தலைமை மருத்துவமனை டாக்டரிடம் உடனே பேச முடியுமா? கட்டணத்தையும் மானியத்தையும் அரசு எப்படி முடிவு செய்கிறது என்பதில்தான் இதற்கான பதில் இருக்கிறது.